கடைசி ரயிலும் எட்டு மணி ஆட்டமும்

குளிர்காலத்துச் சனிக்கிழமை, இரவு எட்டரை மணி. திருத்தணி ம.பொ.சி. சாலையில் கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கிக்கொண்டிருக்கும். சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளை ஏற்றிக்கொண்டு ஆந்திரா பஸ் ஒன்று நகரிப் பக்கம் கிளம்பும். அந்நேரம் டீக்கடை பெஞ்சில் கல்லூரிப் பையன் ஒருவன் கைப்பேசியில் இங்கிலாந்து பிரீமியர் லீக் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தால் அதில் வியக்க ஒன்றுமில்லை. வியப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அவன் பார்க்கும் ஆட்டம் அங்கே பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கியது. அந்த மைதானத்துக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவருக்கு அது டிவியில் கிடைக்காது. சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை பிரிட்டனில் எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் நேரலையில் காட்டக் கூடாது என்பது அங்குள்ள ஏற்பாடு. திருத்தணிக்குத் திறந்திருக்கும் கதவு அந்தத் தெருக்காரருக்குச் சாத்தியிருக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் 1960-களில் பர்ன்லி கிளப்பின் தலைவராக இருந்த பாப் லார்ட் இருக்கிறார். (கழகம் என்று எழுதலாம்தான், நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு கொடிகள் முளைத்துவிட்டதால் கிளப் என்றே எழுதுகிறேன்.) லார்ட் இறைச்சிக்கடை நடத்தி மேலே வந்தவர். கல்லாப்பெட்டி அவருக்குத் தெரியும். பெரிய அணிகளின் ஆட்டம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டால், மூன்றாம் நான்காம் நிலை அணிகளின் வாசலில் யார் டிக்கெட் எடுப்பார்கள் என்பது அவர் வாதம். சிறிய கிளப்புகள் அன்று டிக்கெட் காசில்தான் உயிர் வைத்திருந்தன. மற்ற கிளப் தலைவர்கள் தலையாட்டினார்கள். தடை இன்றுவரை நிற்கிறது.

அந்த அச்சம் சரிதானா என்று பார்க்க இங்கிலாந்துக் கணக்குகளே உதவுகின்றன. 1948-49 பருவத்தில் அங்குள்ள லீக் ஆட்டங்களை மைதானத்துக்குப் போய்ப் பார்த்தவர்கள் 4.1 கோடிக்கு மேல். 1985-86-இல் அது 1.65 கோடியாகச் சரிந்தது. இந்தச் சரிவின் பெரும்பகுதி நேரலை ஒளிபரப்பே இல்லாத காலத்தில் நடந்தது. 1960 செப்டம்பரில் பிளாக்பூல்-போல்ட்டன் ஆட்டத்தை ஐடிவி சோதனையாகக் காட்டியது. அதன்பின் லீக் ஆட்டங்கள் முறையாக நேரலைக்கு வர 1983 ஆகிவிட்டது. இன்னொரு தகவல் இதைவிடச் சுவையானது. 1985-86 பருவத்தின் முதல் பாதியில் கிளப்புகளுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் காசுத் தகராறு. பெட்டியில் லீக் கால்பந்தே கிடையாது. மைதானக் கூட்டம் ஆகக் குறைந்துபோனது அந்தப் பருவத்தில்தான்! மக்களை விரட்டியவை வேறு: அதற்கு முந்தைய மே மாதத்தில் பிராட்ஃபோர்டு மைதானத் தீவிபத்து, பிரஸல்ஸின் ஹைசல் மைதானச் சாவுகள், அடிதடி, இடிந்துவிழும் நிலையில் இருந்த மேடைகள். 1992-இல் ஸ்கை தொலைக்காட்சியின் பணத்தோடு பிரீமியர் லீக் பிறந்த பிறகு நேரலையும் பெருகியது, கூட்டமும் திரும்பியது.

அப்படியென்றால் லார்ட் சொன்னது வெறும் பயமா? முழுக்க இல்லை. 1993-94 பருவத்தை ஆராய்ந்து பெய்ம்பிரிட்ஜ், கேமரன், டாசன் என்ற மூன்று பொருளியலாளர்கள் 1996-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நேரலையால் மைதானக் கூட்டத்துக்குச் சொல்லத்தக்க பாதிப்பு இல்லை. திங்கள் இரவு நேரலையில் சுமார் 15 சதவீதம் பேர் குறைந்தார்கள் என்பது அவர்கள் கண்டது. இரண்டுமே ஒளிபரப்பான ஆட்டங்கள்தான். வித்தியாசம் கிழமையிலும் மணியிலும். கேமரா வந்ததால் ஒருவர் வீட்டில் உட்கார்ந்துவிடுவதில்லை. கேமராவுக்காக ஆட்டத்தை நகர்த்தும்போது உட்கார்ந்துவிடுகிறார்.

இதைத் திருத்தணியில் வைத்துப் பார்க்கலாம்.

இங்கிருந்து தொழில்முறைக் கால்பந்து பார்க்க வேண்டுமானால் ஒரே இடம் சென்னை, பெரியமேடு, ஜவஹர்லால் நேரு மைதானம். 1993-இல் நேரு கோப்பைக்காகத் திறக்கப்பட்டது. 2014 முதல் சென்னையின் எஃப்சி அணியின் சொந்த மைதானம். சென்ட்ரலுக்கு நடக்கிற தூரம். திருத்தணிக்கு அரக்கோணம், திருவள்ளூர், ஆவடி வழியாகப் புறநகர் மின்சார ரயிலே உண்டு. ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிய 2014-இல் ஆட்டம் மாலை ஏழு மணிக்கு. முடியும்போது ஒன்பதை நெருங்கும். மூர் மார்க்கெட் புறநகர் நிலையத்துக்கு நடந்து, ஒன்பதே காலுக்கு ஒரு வண்டி பிடித்தால் பதினொன்றே காலுக்கு ஊர். அலுப்புதான், ஆனால் ஆகாத காரியமில்லை. 2017-18-இல் தொடக்க நேரத்தை எட்டு மணி ஆக்கினார்கள். டிவியின் உச்ச நேரம் அது. ஒரு மணி நேரம்தானே என்று தோன்றும். பத்து மணிக்கு ஆட்டம் முடிந்து, கூட்டத்தில் நசுங்கி வெளியே வந்து, பத்தரைக்கு வண்டி இருந்து ஏறினாலும், திருத்தணியில் இறங்கும்போது மறுநாள் பிறந்திருக்கும். அதற்குமேல் பொதட்டூர்பேட்டைக்கோ அம்மையார்குப்பத்துக்கோ போக வேண்டியவர் நிலையத்திலேயே துண்டை விரிக்க வேண்டியதுதான். காலை ஆறு மணிக்கு விசைத்தறி அவரைக் கூப்பிடும்.

டிவி நிறுவனத்தின் கணக்கில் ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் விளம்பரக் கட்டணம் கூடுகிறது. ரசிகரின் கணக்கில் அந்த ஒரு மணி நேரம் ஒரு ரயிலையே கழித்துவிடுகிறது. இரண்டாவது கணக்கை யாரும் எழுதி வைப்பதில்லை. டிக்கெட் வாங்காதவரின் பெயர் எந்தப் பேரேட்டிலும் ஏறாது.

கூட்டத்துக்காக ரயில் விடுவது இந்த ஊருக்குப் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் வரும்போது தெற்கு ரயில்வே சிறப்பு ரயில் இயக்குகிறது. டிசம்பர் 31 இரவு 365 படிகளுக்கும் பூசை நடக்கும் படித் திருவிழாவுக்குப் பஸ்கள் கூடுதலாக ஓடுகின்றன. முருகனை நேரலையில் காட்டும் சேனல்கள் பெருகியதால் காவடி குறைந்ததாக இங்கே யாரும் சொல்லக் கேட்டதில்லை. சென்னையில் கிரிக்கெட்டுக்கும் வழி செய்தார்கள்: 2023 ஐபிஎல் பருவத்தில் சேப்பாக்கம் டிக்கெட் வைத்திருந்தவர்கள் அதைக் காட்டி மெட்ரோவில் கட்டணமில்லாமல் போனார்கள்.

இந்தியன் சூப்பர் லீக்கின் சொந்த எண்களுக்கு வருகிறேன். முதல் பருவமான 2014-இல் எட்டு அணிகள், 61 ஆட்டங்கள். அத்தனையும் நேரலை. டிவி வழியாக 42.9 கோடிப் பேரை எட்டியதாக அமைப்பாளர்கள் அறிவித்தார்கள். இதில் 'எட்டியது' என்றால் ரிமோட்டை அமுக்கிப்போகும் வழியில் சில கணம் கண்ணில் பட்டவரும் அடக்கம் என்று நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மைதானத்தில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 24,000 பேருக்கு மேல் வந்தார்கள். உலக அளவில் பேசப்பட்ட எண்ணிக்கை அது. 2017-18-இல் அணிகள் பத்து, ஆட்டங்கள் 95. சராசரி 15,000-ஐ ஒட்டி இறங்கியது. இரண்டு பருவங்களையும் பெருக்கிப் பார்த்தால் இரண்டிலும் மொத்தம் 14 லட்சத்துச் சொச்சம்தான் வருகிறது. ஆட்டங்கள் ஒன்றரை மடங்கு ஆயின. வந்தவர்கள் அதே அளவு. இருந்த சாம்பாரில் தண்ணீர் ஊற்றியது போல.

பழி முழுவதையும் எட்டு மணியின் தலையில் போடுவது நேர்மையாகாது. பத்து வாரத் திருவிழாவாக இருந்த போட்டி நான்கு மாதத் தொடராக நீண்டது. டெல்லிக்கு தெல் பியேரோ, சென்னைக்கு இலானோ என்று முதல் பருவத்தில் வந்த உலகப் பெயர்கள் மெல்ல மறைந்தன. இலானோ அந்தப் பருவத்தில் எட்டு கோல் போட்டு அதிக கோல் விருது வாங்கியவர். அவரைப் பார்க்கவே பெரியமேட்டுக்குப் போனவர்கள் உண்டு. ஆனாலும் புதுமை தேய்கிற நேரத்தில், வருகிறவருக்கு வசதியைக் கூட்டுவதற்குப் பதிலாகக் குறைத்தார்கள் என்பது மிச்சம் நிற்கிறது. வார நாட்களில் ஆட்டம் வைப்பதைப் பெருமளவு விட்டுவிட்டு வியாழன் முதல் ஞாயிறு வரை என்று ஒழுங்குபடுத்த 2022-23 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் போனால் திருத்தணிக்காரன் கோபித்துக்கொள்வான். இந்த ஊரில் கால்பந்து ரசிகன் என்று ஒருவன் இருப்பதற்கே டிவிதான் காரணம். சென்னையில் வியாசர்பாடிக்குக் கால்பந்து தெருவிலிருந்து வந்தது; பெரம்பூர், அயனாவரம் பக்கம் ஐசிஎஃப், தெற்கு ரயில்வே அணிகளிலிருந்து வந்தது. திருத்தணிக்கு அப்படி ஒரு பாட்டன் சொத்து இல்லை. 2017 மே மாதம் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 1 தமிழ் தொடங்கி, கால்பந்துக்கும் தமிழ் வர்ணனை வந்தபோது, ஆஃப்சைடு என்றால் என்னவென்று வீட்டுப் பெரியவர்களுக்கும் விளங்கியது. தெலுங்கும் தமிழும் ஒரே வீட்டுக்குள் புழங்கும் எல்லையூர் இது. எந்த மாநிலம் என்பதே 1960 ஏப்ரல் 1 அன்றுதான் முடிவானது. ஆகவே 2019-இல் ஹைதராபாத் எஃப்சி வந்தபோது மனசு இரண்டு பக்கமும் சாயலாம் என்ற நிலை. (2021-22-இல் கோப்பையும் வென்ற அந்த அணி 2025-இல் டெல்லிக்கு இடம் மாறி, பெயரும் மாறிவிட்டது. ஊரோடு ஒட்டாத கிளப்புக்கு இடமாற்றம் அரசு ஊழியருக்கு வருவதுபோல் வருகிறது.) மைதானத்துக்குப் போக முடியாத தூரத்தில் இருப்பவருக்கு நேரலை ஒரு கொடை. நான் கேட்பதெல்லாம், போகக்கூடிய தூரத்தில் இருப்பவரை அதே நேரலை போக முடியாதவர் ஆக்கலாமா என்பதுதான்.

கிளப்புகளின் கதை இதைவிடக் கசப்பானது. 2018-19 பருவத்தைத் தமிழ்நாட்டுக் கால்பந்தின் பொற்காலம் என்று தாராளமாகச் சொல்லலாம். கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி எஃப்சி, நாட்டின் இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்கின் கோப்பையை வென்றது. மதுரையின் சேது எஃப்சி மகளிர் லீக்கை வென்றது. அதே பருவத்தில் இந்தியன் சூப்பர் லீக்கில் சென்னையின் எஃப்சி, முந்தைய ஆண்டுச் சாம்பியன், பதினெட்டு ஆட்டங்களில் ஒன்பது புள்ளிகளோடு கடைசி இடத்தில் கிடந்தது.

இப்போது டிவியை எங்கே திருப்பியிருந்தார்கள் என்று பாருங்கள். கடைசி இடத்து அணியின் ஒவ்வோர் ஆட்டமும் நேரலை, பெரும்பாலும் உச்ச நேரத்தில். சாம்பியனாகப்போகிற அணி ஆடிய ஐ-லீக்கிலோ, பருவத்தின் நடுவில் ஒளிபரப்பாளர் கையை விரித்தார்: மொத்தம் 110 ஆட்டங்களில் சுமார் 80 மட்டுமே காட்டப்படும் என்றார்கள். ஐ-லீக் கிளப்புகள் கொதித்தன. காரணம் எளிது. சட்டையில் பெயர் போட்ட விளம்பரதாரர் அந்தச் சட்டை திரையில் தெரியும் என்று நம்பித்தான் காசு கொடுத்தார். பாதி வழியில் திரை அணைந்தால் அடுத்த ஆண்டு அவரிடம் எந்த முகத்தோடு போவது? அதற்கு முன்பே பிற்பகல் இரண்டு மணி வெயிலில் ஆட வைத்தது தனி. உச்ச நேரம் மற்ற லீக்குக்குப் போய்விட்டதால் இவர்களுக்கு மிஞ்சியது உச்சி வெயில்.

2019 மார்ச் 9. கோயம்புத்தூர் நேரு மைதானம், பருவத்தின் கடைசி நாள். மினர்வா பஞ்சாபைச் சென்னை சிட்டி வென்றால் கோப்பை; தவறினால் ஈஸ்ட் பெங்கால் தட்டிக்கொண்டு போகலாம். ஆரம்பத்திலேயே ஒரு கோல் வாங்கினார்கள். இரண்டாம் பாதியில் பெத்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்ய, கௌரவ் போரா என்ற தடுப்பாட்டக்காரர் இரண்டு கோல் போட்டார். 3-1. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் கோப்பை. தமிழ்நாட்டு கிளப் ஒன்று ஐ-லீக்கை வென்றது அதுவே முதல்முறை. இரண்டு ஆண்டு கழிந்தது. 2020-21 பருவம் கொரோனாவால் வங்காளத்தில், ரசிகர்களே இல்லாமல் நடந்தது. அதற்குப் பின் ஐ-லீக் அட்டவணையில் சென்னை சிட்டி என்ற பெயர் இல்லை. கிளப் மறைந்ததற்கு ஒளிபரப்பு மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். நிர்வாகமும் முதலீடும் சேர்ந்த கதை அது. ஆனால் சாம்பியன் பட்டத்தைக் காசாக்க முடியாத கிளப் எத்தனை நாள் தாங்கும்?

இங்கிலாந்தின் நிலை அப்படியல்ல. அங்கே ரசிகருக்குக் கஷ்டம் உண்டு. திங்கள் இரவு நியூகாசிலிலிருந்து லண்டன் போய்த் திரும்புவது திருத்தணிப் பயணத்தைவிடக் கொடுமை. ஆனால் கிளப்புக்குப் பணமாவது வருகிறது. 2024-25-இல் தொடங்கிய ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் பிரீமியர் லீக்குக்குக் கீழேயுள்ள மூன்று நிலைகளின் ஆட்டங்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் ஸ்கை காட்டுகிறது. கைமாறும் தொகை 90 கோடி பவுண்டுக்கு மேல். பருவம் தொடங்குமுன்னரே, பல மாத ஆட்டங்களில் எவை டிவிக்காக நகரும் என்று அறிவித்துவிட வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தின் பகுதி. ஜெர்மனியில் ரசிகர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். திங்கள் இரவு ஆட்டத்துக்கு எதிராக மேடைகளைக் காலியாக விட்டும் பதாகை பிடித்தும் நின்றார்கள். புண்டஸ்லிகா 2021 முதல் அதைக் கைவிட்டது. அங்கே பெரும்பாலான கிளப்புகளில் வாக்குரிமையின் பெரும்பங்கு உறுப்பினர்களிடம் இருக்கிறது. கூச்சலுக்குப் பின்னால் ஓட்டு இருந்தால் கூச்சல் கேட்கும்.

நம்மிடம் 2025 வரை ஒளிபரப்பாளரும் லீக் நடத்தியவரும் சம்பந்தி வீட்டாராக இருந்தார்கள். 2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஐஎம்ஜி-ரிலையன்ஸோடு 15 ஆண்டுக்கு 700 கோடி ரூபாய் ஒப்பந்தம் போட்டது. அதன் வழியே பிறந்த எஃப்எஸ்டிஎல் நிறுவனம் லீக்கை நடத்தியது. தொடக்கத்தில் ஸ்டார் அதில் பங்காளி, ஒளிபரப்பாளரும் அதுவே. 2023-24-இல் உரிமை ரிலையன்ஸ் பக்கத்து வயாகாம்18-க்குப் போனது. 2024 நவம்பரில் இரண்டும் கலந்து ஜியோஸ்டார் ஆனது. பொருளை விற்பவரும் வாங்குபவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தால் அதன் சந்தை விலை என்ன என்று யாருக்குத் தெரியும்? இந்தக் காலத்தில் ஆட்டங்கள் 61-லிருந்து 163 ஆகப் பெருகின. திரை பெரிதாகிக்கொண்டே போனது. கிளப்புகள் ஆண்டுதோறும் நட்டக்கணக்கு எழுதின.

திரை மட்டும் போதும் என்றால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். 2020 மார்ச் 14 அன்று கோவா ஃபடோர்டாவில் பூட்டிய கதவுகளுக்குள் இறுதியாட்டம் நடந்தது. சென்னையின் எஃப்சி 3-1 என்று ஏடிகேயிடம் தோற்றது. அடுத்த இரண்டு பருவங்களும் கோவாவின் மூன்று மைதானங்களில், ஏறக்குறைய முழுதும் வெளியாட்கள் இல்லாமல். ஒளிபரப்பாளர் கனவு காண்பது இதைத்தானே? ரயில் பிரச்சினை இல்லை, போலீஸ் பந்தோபஸ்து இல்லை, நேரத்தை இஷ்டம்போல் வைக்கலாம். ஆனால் டிவிக்காரர்கள் செய்தது என்ன? மைதானத்தோரம் திரை கட்டி, வீட்டிலிருக்கும் ரசிகர்களின் முகங்களைக் காட்டினார்கள். பதிவு செய்த ஆரவாரத்தை ஒலிக்க விட்டார்கள். காலி மேடையின் முன் ஆடும் ஆட்டம் திரையில் பயிற்சி ஆட்டம்போல் இருந்தது. பெரியமேட்டு மேடையில் நீலச் சட்டையோடு தொண்டை கிழியக் கத்தும் 'பி ஸ்டாண்ட் ப்ளூஸ்', 'சூப்பர் மச்சான்ஸ்' பையன்கள், காசு கொடுத்து உள்ளே வந்து டிவிக்காக இலவசமாக நடித்துக் கொடுக்கும் கலைஞர்கள் என்பது அப்போதுதான் பளிச்சென்று தெரிந்தது. அவர்கள் வீடு திரும்பும் வண்டியைப் பற்றி மட்டும் ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை.

2025-இல் குழாயை மூடினார்கள். 15 ஆண்டு ஒப்பந்தம் டிசம்பர் 8-இல் முடிகிறது, புதுப்பிக்கப்படவில்லை, ஆகவே லீக்கை நிறுத்தி வைக்கிறோம் என்று ஜூலையில் எஃப்எஸ்டிஎல் அறிவித்தது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்சி உட்படச் சில கிளப்புகள் வேலைகளை நிறுத்தின. இரண்டு முறை சாம்பியனான அணி அது. அக்டோபரில் கூட்டமைப்பு வணிக உரிமைக்கு டெண்டர் விட்டது. ஒருவரும் விலை கேட்கவில்லை. கடைசியில் அரசு தலையிட்டு, பதினான்கு அணிகளோடு 91 ஆட்டங்களாகச் சுருக்கி, 2026 பிப்ரவரி 14-இல் தொடங்குவதாக அறிவிப்பு வந்தது. பதினோரு ஆண்டுகளாகப் பிரைம் டைமில் வளர்த்த பார்வையாளர் கூட்டம், ஒரு நெருக்கடி வந்தபோது கிளப்புக்கு ஒரு மாதச் சம்பளமாகக்கூட மாறவில்லை.

என் தீர்ப்பு இதுதான்: நேரலை கூடட்டும். பாப் லார்டின் பூட்டு நமக்கு வேண்டாம். அது திருத்தணியை இருட்டில் வைக்கும். ஆனால் டிவி வேண்டாமென்று கைவிடும் ஆட்டத்தைத் தானே இணையத்தில் காட்டிக் காசு பார்க்கும் உரிமை கிளப்புக்கு வேண்டும். 2019-இல் சென்னை சிட்டிக்கு அது பயன்பட்டிருக்கும். பருவம் தொடங்குமுன் முழு அட்டவணையும் வெளிவர வேண்டும். 2023-24-இல் ஆண்டு முடிவு வரைக்கும்தான் முதலில் கொடுத்தார்கள். தொடக்க நேரத்தை முடிவு செய்யும் கூட்டத்தில் ரசிகர் தரப்பில் ஒருவர் உட்கார வேண்டும். ஞாயிறு மாலை ஐந்து மணி ஆட்டம் ஒன்று, ரயில்வேயிடம் பேசி ஒரு கூடுதல் வண்டி. இதைச் செய்து பார்த்துவிட்டுப் பிறகு கூட்டம் வரவில்லை என்று குறை சொல்லட்டும். அட்டவணை போடுகிற அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: பேனாவைக் கையில் எடுக்குமுன் புறநகர் ரயில் நேரத்தை ஒருமுறை பாருங்கள். மூர் மார்க்கெட் நிலையம் நேரு மைதானத்திலிருந்து நடக்கிற தூரம்தான்.